பிளெமிங்கின் பதினொரு பக்கங்கள்: ஒரு மதிப்பீடு

பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்ட கதையை அறியாத மாணவர் இல்லை. காற்றில் மிதந்து வந்த பூசண வித்து, கழுவப்படாமல் கிடந்த கண்ணாடித் தட்டு, விடுமுறை முடிந்து திரும்பிய விஞ்ஞானி ஆகிய மூன்றும் பாடநூல்களில் பலமுறை வந்துவிட்டன. ஆனால் அலெக்சாண்டர் பிளெமிங் தம் கண்டுபிடிப்பைப் பற்றி 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைப் படித்தவர்கள் மிகச் சிலரே. சோதனை நோயியலுக்கான பிரிட்டிஷ் இதழ் ஒன்றின் பத்தாம் தொகுதியில், 226ஆம் பக்கத்தில் தொடங்கி 236ஆம் பக்கத்தில் முடிந்துவிடும் சிறு கட்டுரை அது. அதைப் படிக்க வேதியியல் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவர் எவரும் பொறுமையோடு படித்தால் புரிந்துகொள்ளலாம்.

கதையை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, ஓர் ஆய்வுக் கட்டுரை என்ற அளவில் அதை எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன். ஒரு மருந்து பலவகைப் பாக்டீரியங்களை எவ்வாறு தாக்குகிறது என்று ஒப்பிடும் சோதனைகளுக்கெல்லாம் இக் கட்டுரை முன்னோடி. இதிலுள்ள நன்மைகளும் குறைகளும் இன்றைய கல்லூரி ஆய்வுக்கூடம் வரை தொடர்ந்து வந்திருக்கின்றன. பாக்டீரியம் வளராமல் நிற்பது வேறு, அது இறப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பிளெமிங் கண்டு எழுதியிருந்தார். அவருக்குப் பின் வந்த நாம்தாம் அதை மறந்துவிட்டோம் என்பது என் கருத்து.

கட்டுரையின் முதல் படம் உலகப் புகழ் பெற்றது. தட்டின் ஓரத்தில் வெண்ணிறப் பூசணம். அதற்கு அருகிலிருந்த ஸ்டாபிலோகாக்கஸ் குடியிருப்புகள் கரைந்து நிழல்போல் ஆகிவிட்டன. தொலைவிலிருப்பவையோ நன்றாகத் தடித்து நிற்கின்றன. இந்தப் படத்தைப் பார்க்கும் எவரும், பூசணம் சுரந்த பொருள் முழுதாக வளர்ந்த பாக்டீரியங்களைத் தாக்கிக் கரைத்துவிட்டது என்றே எண்ணுவர். ஆனால் நன்கு வளர்ந்த ஸ்டாபிலோகாக்கஸ் குடியிருப்புக்குப் பக்கத்தில் பூசணத்தை இட்டு வளர்த்துப் பாருங்கள். ஒன்றும் நிகழாது. பிளெமிங்கோடு ஒரே துறையில் பணியாற்றிய ரொனால்டு ஹேர், இந்தப் புதிரைத் தீர்க்கப் பல சோதனைகள் செய்து, 1970இல் வெளியிட்ட நூலில் விளக்கம் தந்தார். 1928ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் லண்டனில் குளிர்ச்சி நிலவியது. அந்தக் குளிரில் பூசணம் முதலில் வளர்ந்து பெனிசிலினைச் சுரந்திருக்க வேண்டும். பின்பு வெப்பம் ஏறியபோது பாக்டீரியங்கள் பெருகத் தொடங்கி, பெருகும் நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். இதுவே அவருடைய முடிவு. ஆக, புகழ்பெற்ற அந்தப் படம் ஒரு வானிலைத் தற்செயல். அதைப் பார்த்து மருந்தின் இயல்பை முடிவு செய்வது சரியாகாது.

ஆய்வாளர் என்ற முறையில் பிளெமிங்கின் திறமை முதல் படத்தைவிட இரண்டாம் படத்தில்தான் தெரிகிறது. அகார் தட்டில் கத்தியால் ஒரு வாய்க்கால் வெட்டினார். பூசணம் வளர்ந்த சாற்றை வடிகட்டி, அதை அகாருடன் கலந்து வாய்க்காலை நிரப்பினார். பிறகு வாய்க்கால் விளிம்பிலிருந்து தட்டின் ஓரம் வரை, வயலில் உழவுசால் போட்டாற்போல, வெவ்வேறு பாக்டீரியங்களைத் தனித்தனிக் கோடாக இழுத்தார். மறுநாள் பார்த்தால், சில கோடுகள் வாய்க்காலைத் தொட்டுக்கொண்டு செழித்திருக்கும். சில கோடுகள் வாய்க்காலிலிருந்து வெகுதூரம் தள்ளித்தான் தொடங்கும். சீழ் உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகியனவும், டிப்தீரியாக் கிருமியும் விலகி நின்றன. டைபாய்டுக் கிருமியும் குடலில் வாழும் கோலை இனமும் சற்றும் அஞ்சவில்லை.

ஒரே தட்டு, ஒரே நாள், ஒரே சாறு. மாறுவது பாக்டீரியம் ஒன்றுதான். ஒப்பீடு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! மருந்துக்கு அடங்கியவற்றை மட்டும் பட்டியலிட்டு, அடங்காதவற்றை அடிக்குறிப்பில் தள்ளும் பழக்கம் இன்றும் உண்டு. பிளெமிங் இரண்டுக்கும் சம இடம் தந்தார். பெனிசிலின் கிராம் சாயத்தை ஏற்கும் பாக்டீரியங்களை மட்டுமே தாக்கும் என்று குறிப்பேடுகளில் எழுதி மனப்பாடம் செய்கிறோம். கிராம் சாயத்தை ஏற்காத இனங்களுக்குச் சுவருக்கு வெளியே மற்றுமொரு சவ்வு இருப்பதும், அது பல மருந்துகளை உள்ளே விடாமல் தடுப்பதும் உண்மைதான். ஆனால் அதே வகையைச் சேர்ந்த கொனோகாக்கஸும் மெனிங்கோகாக்கஸும் பெனிசிலினுக்கு அடங்குபவை என்று 1929இலேயே பிளெமிங்கின் பட்டியல் காட்டிவிட்டது. சூத்திரத்தை எழுதியவர்கள் பட்டியலைப் பார்த்திருக்கலாம்.

அகார் முறையோடு அவர் நிற்கவில்லை. சாற்றை இரட்டை இரட்டையாக நீர்க்கச் செய்து, குழாய்களில் இட்டு, எந்த அளவு வரை பாக்டீரிய வளர்ச்சி தடுக்கப்படுகிறது என்றும் பார்த்தார். 800 மடங்கு நீர்த்தபோதும் நல்ல சாறு ஸ்டாபிலோகாக்கஸைத் தடுத்தது. இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பெனிசிலின் என்று அவர் பெயரிட்டது, வடிகட்டிய பூசணச் சாற்றைத்தான். ஒவ்வொரு முறையும் அந்தச் சொற்றொடரை எழுதுவதைத் தவிர்க்கவே அப் பெயரைச் சூட்டினார். அறை வெப்பத்தில் 10 முதல் 14 நாட்களில் வலுவிழந்துவிடும் சாறு அது. அதிலிருந்த மருந்துப்பொருள் மிகமிகச் சொற்பம். அதுவே 800 மடங்கு நீர்த்தும் வேலை செய்தது என்றால் அதன் ஆற்றலை எண்ணிப் பாருங்கள்.

இனி குறைகளுக்கு வருவோம். அகார் தட்டில் ஒவ்வொரு பாக்டீரியமும் எத்தனை மில்லிமீட்டர் விலகி நின்றது என்று பிளெமிங் ஓர் அட்டவணை தருகிறார். எண்கள் வரிசையாக நிற்பதைக் கண்டதும், அதிகம் விலகி நின்ற பாக்டீரியம் அதிகம் அஞ்சுகிறது என்று நம் மனம் முடிவுகட்டிவிடுகிறது. உண்மையில் அங்கு ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. ஒருபுறம் மருந்து அகாருக்குள் மெல்லப் பரவுகிறது. மறுபுறம் பாக்டீரியம் பெருகுகிறது. பாக்டீரியத்தின் கூட்டம் ஓர் அளவைத் தாண்டுவதற்குள் போதுமான மருந்து வந்து சேர்ந்த இடம் வரைக்கும் தெளிவாக இருக்கும். அதற்கப்பால் வளர்ச்சி தெரியும். எனவே மெதுவாகப் பெருகும் பாக்டீரியம், மருந்து பரவ அதிக நேரம் தந்துவிடுகிறது. அதன் கோடு மேலும் தள்ளித் தொடங்கும். பாக்டீரியத்தை அடர்த்தியாக இழுத்தால் இடைவெளி குறையும். அகார் மெல்லியதாக இருந்தால் கூடும். இரண்டு இனங்களின் மில்லிமீட்டர் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது, மருந்துக்கு அவை அடங்கும் அளவோடு அவை வளரும் வேகத்தையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம். குழாய் முறையையும் உடன் தந்தது பிளெமிங்கைக் காப்பாற்றுகிறது. ஒரு முறையின் பிழையை மற்றொன்றால் வாசகர் சரிபார்க்கலாம்.

அடுத்தது கட்டுரையின் தலைப்பு. பூசண வளர்ப்புகளின் பாக்டீரிய எதிர்ப்புச் செயலைப் பற்றியது என்று தொடங்கி, இன்புளுயென்சாக் கிருமியைப் பிரித்தெடுக்க அவற்றைப் பயன்படுத்துவதைச் சிறப்பாகக் கூறுவது என்று தலைப்பு முடிகிறது. உலகைக் காத்த மருந்தின் பிறப்புச் சான்றிதழ் ஆய்வுக்கூடத்துக் களைக்கொல்லி ஒன்றின் விளம்பரம்போல் இருப்பதைக் கண்டு பலர் சிரித்திருக்கிறார்கள். நான் சிரிக்கமாட்டேன். இன்புளுயென்சாக் காய்ச்சல் ஒரு வைரஸால் வருகிறது என்பது 1933இல்தான் உறுதியாயிற்று. அதுவரை பைபர் கண்ட பாக்டீரியமே காரணம் என்று பலர் நம்பினர். தொண்டைச் சளியில் மற்றப் பாக்டீரியங்களின் கூட்டத்துக்கிடையே அதைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு. தட்டில் பெனிசிலின் சாற்றைத் தடவினால் மற்றவை அடங்கிவிட, இது மட்டும் வளரும். அடங்காத பாக்டீரியத்தின் இயல்பைப் பயனாக மாற்றிய அறிவுக்கூர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

பாராட்ட முடியாதது வேறொன்று. 20 மில்லிலிட்டர் சாற்றை ஒரு முயலின் இரத்தக்குழாயில் செலுத்தினார். முயலுக்குத் தீங்கில்லை. 20 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு அரை மில்லிலிட்டர் செலுத்தினார். அதற்கும் தீங்கில்லை. இரத்தத்தின் வெள்ளணுக்களும் பாதிக்கப்படவில்லை. சாறு கையில் இருக்கிறது, சுண்டெலியும் இருக்கிறது, ஸ்ட்ரெப்டோகாக்கஸும் இருக்கிறது. நோயுண்டாக்கிய சுண்டெலிக்குச் சாற்றைக் கொடுத்துப் பார்க்கும் ஒரே ஒரு சோதனையை மட்டும் காணோம். அச் சோதனை 1940ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் ஆக்ஸ்போர்டில், புளோரியின் குழுவினரால் செய்யப்பட்டது. 8 சுண்டெலிகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் செலுத்தப்பட்டது. பெனிசிலின் பெற்ற 4 பிழைத்தன. பெறாத 4 மாண்டன. இடையில் பதினோராண்டுகள் ஓடிவிட்டன. நோய்ப்பட்ட இடத்தில் தடவவும் செலுத்தவும் பெனிசிலின் பயன்படக்கூடும் என்று கட்டுரையின் முடிவில் பிளெமிங் எழுதத்தான் செய்தார். ஆனால் எழுதியதைச் சோதிக்கவில்லை.

ஏன் சோதிக்கவில்லை? விடையின் ஒரு பகுதி, கட்டுரையிலேயே உள்ள ஒரு சிறு அட்டவணையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்த அட்டவணைதான் கட்டுரையின் உயிர்நிலை.

பாக்டீரியத்தோடு பெனிசிலினைக் கலந்து, சில மணிக்கொருமுறை மாதிரி எடுத்து, எத்தனை உயிரோடிருக்கின்றன என்று அதில் பார்த்தார். வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான அளவைப்போல் 30, 40 மடங்கு வலுவான சாற்றிலும் ஸ்டாபிலோகாக்கஸ் முழுவதும் சாக நாலரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. வலுக் குறைந்த சாற்றிலோ விந்தையிலும் விந்தை. பாக்டீரியங்கள் முதலில் பெருகின. சில மணி நேரம் கழித்துத்தான் சாகத் தொடங்கின.

கிருமிநாசினிகளோடு பழகிய ஒருவர் இந்த எண்களைக் கண்டால் என்ன நினைப்பார்? கார்பாலிக் அமிலம் போன்றவை சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். இது மணிக்கணக்கில் இழுக்கிறது. மெதுவாக வேலை செய்யும் கிருமிநாசினிகளின் வகையில் பிளெமிங் இதைச் சேர்த்தார். அவர் உற்சாகம் குன்றியதற்கு இந்த மந்தமும் ஒரு காரணம் என்று வரலாற்று ஆசிரியர்கள் கூறுகின்றனர். அளவீடு சரி. அதை வைத்துப் பார்த்த அளவுகோல்தான் தவறு.

முதலில் பெருகிப் பின்பு சாவது ஏன் என்ற கேள்வியை அவர் எழுப்பியிருந்தால்! பாக்டீரியம் பெருகும்போது தன் பழைய சுவரை அங்கங்கே பிரித்துப் புதுச் செங்கல் வைக்கிறது. அச் செங்கற்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியைப் பெனிசிலின் முடக்கிவிடுகிறது. பிணைப்பில்லாச் சுவர் உள்ளழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கிறது. சுவர் கட்டும் வேலையே நடக்காத பாக்டீரியத்திடம் பெனிசிலின் செய்யக்கூடியது அதிகமில்லை. பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியங்களையே பெனிசிலின் கொல்கிறது என்பதை 1942இல் கிளாடிஸ் ஹாபியும் உடனுழைத்தோரும் காட்டினர். 1944இல் அயர்லாந்தின் ஜோசப் பிக்கர் இன்னுமொரு படி சென்றார். எவ்வளவு பெனிசிலின் இட்டாலும் ஸ்டாபிலோகாக்கஸ் கூட்டத்தில் மிகச் சில எஞ்சிவிடுகின்றன என்று கண்டார். எஞ்சியவற்றின் சந்ததியோ மற்றவற்றைப்போலவே பெனிசிலினுக்கு அடங்கிற்று. அதாவது அவை எதிர்ப்புப் பெற்றவை அல்ல, உறங்கிக்கொண்டிருந்தவை. இந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் கதவு, பிளெமிங்கின் அட்டவணையில் 1929 முதலே திறந்திருந்தது.

இங்கு ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் என்பதைத் தமிழில் சிலர் உயிர் எதிரி என்கிறோம், சிலர் நுண்ணுயிர்க்கொல்லி என்கிறோம். பின்னது ஓசை நயமுள்ள சொல்தான். ஆனால் சோதனை முடியுமுன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது. குளோரம்பெனிக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட இம் மருந்து, குடலில் வாழும் கோலை பாக்டீரியத்தின் புரத உற்பத்தியை நிறுத்தி வைக்கிறது, பெரும்பாலும் கொல்வதில்லை. மருந்தை நீக்கினால் பாக்டீரியம் மீண்டும் பெருகும். அதே குளோரம்பெனிக்கால், பிளெமிங் பெனிசிலினால் பிரித்தெடுத்தாரே அந்த இன்புளுயென்சாப் பாக்டீரியத்தைக் கொன்றேவிடுகிறது. ஒரே மருந்து ஓரினத்துக்குத் தடை, மற்றோரினத்துக்குச் சாவு. கொல்லி என்ற பட்டத்தை மருந்துக்கு மட்டும் கொடுக்க முடியாது. மருந்தும் பாக்டீரியமும் சேர்ந்த இணைக்குத்தான் கொடுக்கலாம். நான் உயிர் எதிரி என்ற பழைய சொல்லையே விரும்புகிறேன்.

பிளெமிங்கின் வாய்க்கால் இன்று வட்டமாகிவிட்டது. 6 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித வில்லைகளில் மருந்தை ஏற்றி, பாக்டீரியம் பூசிய தட்டின் மேல் வைக்கிறார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் தெரியும். 1966இல் பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் என்ற நால்வர் இம்முறையை ஒழுங்குபடுத்தினர். அகாரின் வகை, அதன் 4 மில்லிமீட்டர் தடிமன், பாக்டீரியத்தின் அடர்த்தி, வெப்பநிலை, காத்திருக்கும் நேரம் எல்லாவற்றுக்கும் இன்று விதி உண்டு. பிளெமிங்கின் மில்லிமீட்டர் கணக்கிலிருந்த தடுமாற்றங்களை நீக்கவே இத்தனை விதிகளும். குறை நீங்கிற்று என்றுதான் எண்ணியிருந்தேன், ஒரு கல்லூரிக் கண்காட்சியைப் பார்க்கும் வரை. ஆறு மருந்துகளின் வட்டங்களை அளந்து, முதலிடம், இரண்டாமிடம் என்று வண்ண அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். வட்டத்துக்குள் என்ன நடந்தது என்று அங்கு நின்ற மாணவியைக் கேட்டேன். "எல்லாம் செத்துப்போச்சு சார்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "தெளிவா இருக்குதே சார்!" என்றார். அவர்மீது குற்றமில்லை. அவருக்குக் கொடுத்த செய்முறைக் குறிப்பேட்டிலும் அப்படித்தான் இருந்தது.

அந்த வண்ண அட்டையில் இரண்டு தவறுகள் உள்ளன. பிளெமிங் ஒரு மருந்தை வைத்துப் பல பாக்டீரியங்களை ஒப்பிட்டார். இவர்கள் பல மருந்துகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டுவிட்டனர். ஒவ்வொரு மருந்தும் அகாரில் ஒவ்வொரு வேகத்தில் பரவும். ஒவ்வொரு வில்லையிலும் உள்ள மருந்தின் அளவும் வேறு. பெனிசிலினின் மூலக்கூறு எடை 334, வாங்கோமைசினுக்கோ ஏறத்தாழ 1450. பருத்த மூலக்கூறு அகாரில் தவழ்ந்துதான் செல்லும். அதனால் அமெரிக்க ஆய்வுக்கூடத் தர நிறுவனத்தின் அட்டவணையில், எண்டிரோகாக்கஸ் மீது வாங்கோமைசின் 17 மில்லிமீட்டர் வட்டம் காட்டினாலே மருந்து கேட்கும் என்று பொருள். கோலை பாக்டீரியத்தின் மீது சிப்ரோபிளாக்சசின் 21 மில்லிமீட்டர் காட்டினாலும் கேட்காது என்று பொருள். வண்ண அட்டையில் எது முதலிடம் பெற்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த 21கூட நிலையான எண்ணன்று. 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்கு முன்பு அதே 21 மில்லிமீட்டருக்குக் கேட்கும் என்றுதான் பொருள். தட்டில் வட்டம் மாறவில்லை. நோயாளிகளிடம் கண்ட விளைவுகளையும் உடலில் மருந்து எட்டும் அளவையும் வைத்து, வட்டத்துக்குத் தரும் பொருளை மாற்றினார்கள்.

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிட முடியாது. ஸ்டாபிலோகாக்கஸ் மீது வாங்கோமைசினின் வட்டத்தை நம்பியதால், ஓரளவு எதிர்ப்புப் பெற்ற இனங்கள் பிடிபடாமல் தப்பின. 2009இல் அந்நிறுவனம் இந்த இணைக்கு வில்லைச் சோதனையையே நீக்கிவிட்டது. வேறு மருந்து எதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கப்படும் கோலிஸ்டினின் நிலை இன்னும் மோசம். பருத்த மூலக்கூறு என்பதோடு, நேர்மின்னேற்றம் கொண்டதால் அகாரோடு ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. கேட்கும் பாக்டீரியத்துக்கும் கேட்காத பாக்டீரியத்துக்கும் வட்டத்தில் வேறுபாடே தெரிவதில்லை. 2016இல் அமெரிக்க, ஐரோப்பியத் தர அமைப்புகள் இரண்டும் சேர்ந்து, கோலிஸ்டினுக்கு வில்லை வேண்டாம், மருந்தை நீர்க்கச் செய்து பார்க்கும் முறையே வேண்டும் என்று கூறின. பிளெமிங் தட்டோடு நிற்காமல் குழாய்களிலும் செய்தாரே, அந்த முறைதான் அது.

இரண்டாவது தவறு அந்த மாணவி சொன்ன விடையிலேயே இருக்கிறது. தெளிந்த வட்டத்துக்குள் எவ்வளவு பாக்டீரியம் பூசினோமோ அவ்வளவும் இன்னும் இருக்கக்கூடும். பெருகாததால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கொன்றதா என்று அறிய உயிரோடு எஞ்சியவற்றை எண்ணித்தான் ஆக வேண்டும். ஆய்வுக்கூட வழக்கில் ஆயிரத்துக்கு 999 செத்தால் கொன்றது என்று ஒப்புக்கொள்கிறார்கள். பத்து லட்சத்தில் அப்போதும் ஆயிரம் எஞ்சும். நல்ல உடல்நலமுள்ளவரின் வெள்ளணுக்கள் அந்த ஆயிரத்தைக் கவனித்துக்கொள்ளும். இதய வால்வில் பாக்டீரியம் குடியேறியவருக்கோ வெள்ளணுக்களின் உதவி அங்கே அவ்வளவாகக் கிட்டுவதில்லை. மருத்துவர் அவருக்கு வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைத் தவிர்த்து, கொல்லும் மருந்தையே வாரக்கணக்கில் கொடுப்பதற்குக் காரணம் இதுவே.

கல்லூரியில் இந்த வேறுபாட்டைக் காட்ட விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தீங்கற்ற கோலை இனம் ஒன்றைத் தட்டில் பூசி, குளோரம்பெனிக்கால் வில்லை ஒன்றையும் ஜென்டாமைசின் வில்லை ஒன்றையும் விலக்கி வையுங்கள். ஆசிரியர் உடனிருந்து, தூய்மை விதிகளின்படிதான் செய்ய வேண்டும். மறுநாள் இரண்டைச் சுற்றியும் தெளிந்த வட்டம் இருக்கும். வட்டங்களை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு வட்டத்தின் தெளிந்த பகுதியிலும் கம்பி வளையத்தால் தொட்டு, மருந்து இல்லாத புதுத் தட்டில் இருபுறமும் தனித்தனியே இழுத்து, இன்னுமோர் இரவு காத்திருங்கள். குளோரம்பெனிக்கால் பக்கத்தில் குடியிருப்புகள் நெருக்கமாக எழும். ஜென்டாமைசின் பக்கத்தில் வெகுசிலவே எழும், அல்லது ஒன்றும் எழாது. முதல் தட்டையும் இரண்டாம் தட்டையும் அருகருகே வைத்துவிட்டு, வண்ண அட்டையை அதன் பிறகு எழுதலாம்.